மீ சியாம் ராஜாவுக்கு ஒரு கேப்டன்

"ப்ரோ, இந்த வாரம் கேப்டன் யார போடுறது? சீக்கிரம் சொல்லு லா."

ஆபீஸ் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மாணிக்கம் கைபேசியை வெறித்தார். ஐம்பத்தெட்டு வயதுக்காரரை ப்ரோ என்று கூப்பிடுகிறது ஒரு ஜீவன். அந்த ஜீவன் தன் சொந்த மகன் என்பதில் அவருக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.

மகன் பிரேம் நல்ல வேலையை விட்டதற்கு மாணிக்கம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டார். பையன் அன்றே பிடோக் பேட்டை வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை, போனை எடுப்பதுமில்லை. குடும்ப வாட்ஸப்பில் அவன் கடைசியாகப் போட்டது, கைதவறி அனுப்பிய ஒரு கால்பந்து லீக்கின் அழைப்பு. இங்கிலாந்து ஆட்டக்காரர்களில் பதினொரு பேரை நாம் பொறுக்கியெடுக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி, அடாவடி செய்தால் புள்ளி போகும். கேப்டனாக வைத்தவனுக்கு எல்லாமே இரட்டிப்பு.

'ராஜீவ், வயது 24' என்று கூசாமல் புளுகி, இந்த சீசன் ஆரம்பத்தில் மாணிக்கம் உள்ளே நுழைந்தார். அவரோடு சேர்த்துப் பத்துப் பேர், எல்லாருக்கும் புனைபெயர். அதில் ஒருவன் 'மீ சியாம் ராஜா'. மூன்று வேளையும் புளிக்குழம்பு ஊற்றிய மீ சியாம் நூடுல்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வளர்ந்த பிள்ளை வேறு யாராக இருக்க முடியும்?

"பசங்க எல்லாம் தங்கம்டி," என்று மனைவி ரத்தினம்மாவிடம் பெருமைப்பட்டார். "ஒருத்தனை ஒருத்தன் 'சாப்டியா'ன்னு கேக்குறானுங்க. பத்து மணிக்கெல்லாம் தூங்கப் போயிடுறானுங்க."

"அதெல்லாம் சரி. பையன்கிட்ட நேரா போய்ப் பேச வேண்டியதுதானே?"

"பேசுறதுக்குத்தான் இத்தனையும்!"

ஒருநாள் மீ சியாம் ராஜாவே கேட்டான்: "ப்ரோ, உங்க அப்பா எப்படி?"

மாணிக்கம் தூண்டில் போட்டார். "நல்ல மனுஷன். பேசத்தான் தெரியாது."

"எங்க அப்பாவும் அதேதான். உள்ளுக்குள்ள பாசம் ஜாஸ்தி."

மனிதர் உடைந்துபோனார். அன்று கழிவறையில் அழுத அழுகையில் பக்கத்து அறைக்காரர், "மாணிக்கம், வயிறு சரியில்லையா?" என்று கதவைத் தட்டினார்.

இனி பையனை ஜெயிக்க வைத்தே தீருவது என்று முடிவாயிற்று. கால்பந்தில் அவருக்கு அ, ஆ கூடத் தெரியாது. ஆனால் இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷமாக, யாருக்கு எப்போது என்ன வியாதி வரும் என்று கணக்குப் போட்டவர். ஆட்டக்காரர்களின் வயது, முழங்கால், பழைய அறுவை சிகிச்சை என்று அட்டவணை போட்டு, "இவன்தான் கேப்டன். பன்னெண்டு புள்ளி, எழுதி வச்சிக்கோ," என்றார். தான் முந்திவிடக் கூடாதே என்று, தனக்கு மட்டும் நொண்டி முடமாகப் பொறுக்கிக்கொண்டார்.

பன்னிரண்டு புள்ளிக்காரன் ஐந்தாவது நிமிஷமே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினான். மாணிக்கத்தின் நொண்டிகளோ ஆளுக்கு இரண்டு கோல் போட்டார்கள்.

"நீ முதல் இடம், நான் எட்டாவது. நல்ல பிளான் லா ப்ரோ."

பதறிப்போனார். தன் கணிப்பு தலைகீழாகத்தான் பலிக்கும்போல என்று, அடுத்த வாரம் நிச்சயமாக முட்டை வாங்குவார்கள் என்று பட்டவர்களையே பையனுக்குச் சொன்னார். அந்தப் பாழாய்ப்போன வாரம் பார்த்துக் கணிப்பு பிசகாமல் பலித்தது. அத்தனை பேரும் முட்டை.

மீ சியாம் ராஜா பத்தாவது இடம். கடைசி ஆள் எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும் என்பது லீக்கின் சட்டம். இடம், ஜாலான் புசாரில் சாயிரா பானுவின் சாப்பாட்டுக் கடை.

"நான் லீக்க விட்டே போறேன். நல்லா இரு," என்று செய்தி வந்தது.

இருந்த ஒரே நூலும் அறுந்தால் அப்புறம் மகன் ஏது? மாணிக்கம் அவசரமாகத் தட்டினார். "போகாத! ஞாயித்துக்கிழமை காலையில பானு கடைக்கு வா. ஒரு உண்மை சொல்லணும்."

பதில் வந்தது. "எனக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. வரேன்."

ஞாயிறு காலை, இஸ்திரி போட்ட சட்டையில் மாணிக்கம் போய் உட்கார்ந்தார். இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர், பக்கத்து மேசையில் தலை நரைத்த ஒருவர். அவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'வந்துட்டேன். எங்க இருக்க?' என்று மாணிக்கம் தட்டினார். பக்கத்து மேசையில் கைபேசி சிணுங்கியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க... ராஜீவா?"

"மீ சியாம் ராஜா?"

"என் மகனுக்கு மீ சியாம்னா உயிரு," என்றார் நரைத்தவர். "அந்தப் பேரைப் பாத்தா என்கிட்ட பேசுவான்னு நெனச்சேன். நீங்கதான் அவன்னு இருந்துட்டேன்."

மாணிக்கம் விடவில்லை. "பரவால்ல சார். இன்னும் எட்டுப் பேர் இருக்காங்களே. அதுல ஒருத்தன் உங்க பையன், ஒருத்தன் என் பையன். கண்டுபிடிச்சிடலாம்."

பால் விடாத தே ஓ டீ இரண்டைக் கொண்டுவந்து வைத்த சாயிரா பானு, பாவம், சிரிக்கவும் முடியாமல் நின்றாள்.

"என் தம்பி அதீஃப் ஆரம்பிச்ச லீக்தானே அங்கிள்? யாரோ ஒருத்தன் 'சாப்டியா'ன்னு கேட்டதுமே பசங்க உஷாராயி, போன வருஷமே மொத்தமா வேற லீக்குக்குப் போயிட்டாங்க. இப்ப அதுல இருக்கிற பத்துப் பேரும் அப்பாங்கதான்."