கூழைக்கடா வீட்டுச் செருப்பு

கதவு திறக்க ஒரு மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. டார்பியின் வலது செருப்பு வார் அப்போது பார்த்து அறுந்தது.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் வெறுங்காலோடு போயிருப்பாள். இது ஆகஸ்ட் மாதம், அலபாமா. பல்கலைக்கழகம் திறப்பதற்கு முந்தின வாரம். சகோதரி சங்கங்கள் புதுப் பெண்களைப் பொறுக்கி எடுக்கும் வாரம். இந்த வாரத்தில் கூழைக்கடா வீட்டில் ஒருத்தியின் நகப்பூச்சு லேசாக உரிந்திருந்தாலே சமையலறைக்கு நாடு கடத்திவிடுவார்கள். சங்கத்துக்கு மூன்று கிரேக்க எழுத்தில் கௌரவமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் வாசல் தூணின் மேல் பித்தளைக் கூழைக்கடா ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பதால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

டார்பியின் மற்ற செருப்புகள் மூன்றாம் மாடியில் இருந்தன. மாடிப்படியிலோ நானூறு சகோதரிகள் கைதட்டிக் கத்துவதற்குத் தயாராக, ஊறுகாய் ஜாடிக்குள் எலுமிச்சைத் துண்டுகள் மாதிரி அமுங்கிக் கிடந்தார்கள். ஒரு எறும்பு மேலே ஏறுவதானால்கூட நானூறு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஓக் மரத்தடியில், உள்ளே வரப்போகும் பெண்கள் விட்டுப் போன பைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைத் துணிப்பை. உள்ளே கைவிசிறி, தண்ணீர், பவுடர், மாற்றுச் செருப்பு. அந்த வெயிலுக்கு மாற்று உடம்பே கொண்டுவந்தாலும் போதாது. மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு பையிலிருந்து ஒரு செருப்பு எட்டிப் பார்த்தது. தக்கை அடி, வெள்ளை வார், டார்பியின் அளவு. காவலுக்கு நின்ற வழிகாட்டிப் பெண் எலுமிச்சை ஜூஸ் குடிக்கப் போயிருந்தாள்.

"அரை மணி நேரம்தான்," என்று டார்பி பையிடம் சொன்னாள். பை மறுக்கவில்லை.

கதவு திறந்தது. நானூறு தொண்டைகளும் ஒன்றாகக் கத்தியதில் பக்கத்து மாநிலத்தில் காக்கைகள் கிளம்பியிருக்கும். புதுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியையும் ஒரு சகோதரி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பேச வேண்டும். பேச்சு சூடு பிடிக்கும்போது அடுத்த சகோதரி வந்து தோளில் லேசாக இடிப்பாள். இவள் நழுவ, அவள் நுழைய, பேச்சு மட்டும் அறுபடக் கூடாது. ரிலே ஓட்டத்தில் கோல் கைமாறுவது போலப் பெண் கைமாறுவாள். பையன்களைப் பற்றிப் பேசக் கூடாது, குடியைப் பற்றிக் கூடாது, கடவுளும் தேர்தலும் கூடவே கூடாது. ஆக, மனிதர்கள் பேசுவதற்கு மிஞ்சி இருப்பது நாய்க்குட்டியும் செருப்பும்தான்.

டார்பியின் பங்குக்கு வந்தவள் போஸி. ஜார்ஜியா பக்கத்துப் பெண். உருண்டை முகம், வாரி முடிந்த செம்பட்டைத் தலை. உட்கார்ந்ததும் அவள் கண் நேராக டார்பியின் காலுக்குப் போனது.

"அழகா இருக்குக்கா. இதே செருப்பு என்கிட்டயும் இருக்கு."

டார்பிக்குக் காது வழியாக ஆவி வந்தது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தடி தள்ளி ஹோலிஸ் நின்றாள். புதுப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் இந்த வாரம் முழுக்க அவள் ராஜ்ஜியம். அவள் ஒருத்தியை முறைத்தால் அந்த ஒருத்தியின் கையிலிருக்கும் ஐஸ் தண்ணீர் கொதிக்கும். வெளியில் இருக்கும் பைகளைத் தொட்டவள் சட்டையிலிருந்து கூழைக்கடா பின்னைக் கழற்றிச் சங்கத்தை விட்டே அனுப்பிவிடுவோம் என்று அன்று காலையில்தான் அறிவித்திருந்தாள்.

"எங்க அத்தை வாங்கிக் குடுத்தது," என்றாள் டார்பி. "சவானாவுல இருக்காங்க."

"எனக்கும் சவானாவுல ஒரு அத்தை இருக்காங்க."

குத்திக் காட்டுகிறாள் என்று டார்பிக்குப் புரிந்துவிட்டது. பேச்சை நாய்க்குத் திருப்பினாள். தன் நாய்க்கு முட்டைக்கோஸ் பிடிக்கும் என்றாள். போஸி கண்ணிமைக்காமல், தன் நாய்க்கும் முட்டைக்கோஸ்தான் உயிர் என்றாள். இவ்வளவு நிதானமாக ஒரு போலீஸ்காரர்கூட விசாரித்ததில்லை. தோளில் இடி விழுந்ததும் டார்பி எழுந்து ஓடிய வேகத்தில் ஒரு பூச்சாடி கவிழ்ந்தது.

பாட்டுப் பாடி விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு மரத்தடிக்குப் போவதற்குள் பைகள் போய்விட்டன. தெருவில் துரத்திக்கொண்டு போய்க் கொடுக்கவும் வழியில்லை. வீட்டுக்கு வெளியே புதுப் பெண்ணிடம் ஒரு சகோதரி வாயைத் திறக்கவே கூடாது. தேர்வு முடியும்வரை வணக்கம்கூட விதிமீறல். போன வருடம் ஒரு சகோதரி, தெருவில் தும்மிய புதுப் பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, தன் சங்கத்தையே ஒரு மாதம் தலைகுனிய வைத்தாள்.

வெட்கத்தில் டார்பி ஒரே ஒரு நல்ல காரியம் செய்தாள். சாயங்காலம் சகோதரிகள் புதுப் பெண்களுக்கு மதிப்பெண் போடும்போது போஸிக்கு முழு மதிப்பெண் போட்டாள். 'இவள் ஒரு ரத்தினம்' என்றும் எழுதினாள்.

அதுதான் வினையானது. முழு மதிப்பெண் போட்டவளுக்கே அந்தப் பெண்ணை மறுபடி மறுபடி கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம்.

"உனக்கும் அவளுக்கும் நல்லா ஒத்துப்போகுது," என்றாள் ஹோலிஸ். "வாரம் பூரா அவ உன் பொறுப்பு. அவ வேற வீட்டுக்குப் போனா நீதான் பதில் சொல்லணும்."

அடுத்த சுற்று வந்தபோது டார்பி செருப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தாள். வழிகாட்டிப் பெண்ணுக்கு இரண்டு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தனுப்பிவிட்டு, மரத்தடியில் மஞ்சள் ரிப்பன் பையைக் கண்டுபிடித்து, செருப்பை உள்ளே திணித்தாள். நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல் இறங்கியது. அன்று போஸியிடம் வாய் ஓயாமல் பேசினாள். டார்பிக்கு ஸ்ட்ராபெரி ஒத்துக்கொள்ளாது; போஸிக்கும் ஒத்துக்கொள்ளாது. டார்பி சின்ன வயதில் குளத்தில் விழுந்தவள். போஸியும் ஒரு குளத்தில் விழுந்திருந்தாள். எவ்வளவு பெருந்தன்மையான பெண், செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று டார்பிக்குக் கண் கலங்கியது.

சுற்று முடிந்ததும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று மரத்தடியைப் பார்த்தாள். போஸி வந்தாள், நீல ரிப்பன் கட்டிய பையை எடுத்துக்கொண்டு போனாள். மஞ்சள் ரிப்பன் பையை எடுத்தவள் வேறொருத்தி. ஒல்லியாக, நெட்டையாக, ரெமி என்று பெயர்ச்சீட்டு குத்திய பெண். உள்ளே கையை விட்டவள் செருப்பை வெளியே எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. சட்டென்று உள்ளே போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

"அடப்பாவி," என்றாள் டார்பி, திரையைக் கடித்துக்கொண்டு.

போஸி ரிப்பனை மாற்றியிருக்கிறாள். ஊரில் இருக்கிற ஒரே ரிப்பன் கடையில் மஞ்சளும் நீலமும்தான் விற்கிறார்கள். திருடு போன பைக்கு ராசியில்லை என்று எந்தப் பெண்ணும் வேறு ரிப்பன் கட்டத்தான் செய்வாள். இத்தனையும் டார்பி அந்தத் திரைக்குப் பின்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் ரெமி அந்தச் செருப்பையே போட்டுக்கொண்டு, கூழைக்கடா வீட்டு வாசற்படியில் டக் டக்கென்று ஏறி வந்தாள். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே போஸி. டார்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் செருப்பு இன்னொருத்தி காலில் போவதைப் பார்த்தும் போஸியின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. புன்னகைதான். அந்தப் புன்னகை டார்பிக்குச் சாப்பாட்டில் விழுந்த கல் மாதிரி இருந்தது. ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது பத்தாதென்று, அதை இன்னொருத்திக்குத் தானமும் செய்தாகிவிட்டது.

டவுனில் இருக்கும் கடைகளெல்லாம் ஏறி இறங்கி அதே செருப்பைத் தேடினாள். எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். ஒரு கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ரப்பர் பூட்ஸ் வேண்டுமா என்று கேட்டார்.

கடைசிச் சுற்று மெழுகுவத்திச் சுற்று. எல்லோரும் வெள்ளை உடையில், விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சகோதரியும் தன் பெண்ணின் எதிரே உட்கார்ந்து இந்த வீடு தன்னை எப்படி மனுஷியாக்கியது என்று அழ வேண்டும். அழாதவர்களுக்கு ஹோலிஸ் வெங்காயம் வைத்திருந்தாள் என்று பேச்சு. டார்பிக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

"போஸி, இந்த வாரம் நான் ஒரு அசிங்கமான காரியம் பண்ணிட்டேன்."

போஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தான்க்கா."

"இல்லை, நீ கேளு. எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்று போஸியும் அழுதாள்.

இந்தப் பெண் தெய்வமேதான் என்று டார்பி முடிவு கட்டினாள். குற்றவாளி சிரமப்படக் கூடாதென்று பாதியைத் தானே வாங்கிக்கொள்கிறாள். மீதியைச் சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்து, நானூறு மெழுகுவத்தியின் சூட்டில் முன்வரிசைச் சகோதரியின் பொய் இமை உருகிக் கன்னத்துக்கு வந்தது.

பெண்கள் போனபின் இறுதிக் கூட்டம். யார் வீட்டுக்கு யார் என்று அன்றோடு முடிவாகிவிடும். எல்லா இடமும் நிரம்பி, ஒரே ஒரு இடம் மிஞ்சியது. போஸியா, ரெமியா?

ரெமிக்காக அறையில் பாதிப் பேர் பேசினார்கள். அவள் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசிப்பாளாம். சிரித்தே அறியாத சமையல்காரரை முக்கால் நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிட்டாளாம். வேறு வீடுகள் கூப்பிட்டும், கூழைக்கடா வீடுதான் வேண்டும் என்று முதல் நாளே மனசுக்குள் எழுதிவைத்துவிட்டாளாம். போஸிக்காகப் பேச ஆளே இல்லை. ஒருத்தி, அந்தப் பெண்ணோடு பேசுவது முகம் பார்க்கும் கண்ணாடியோடு பேசுவது போல இருக்கிறது என்றாள்.

டார்பி எழுந்து நின்றாள். போஸியின் பொறுமை, பெருந்தன்மை, மன்னிக்கும் மனசு என்று அடுக்கினாள். யார் முகத்திலும் அசைவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டால் தன்னிடம் செருப்பைப் பறிகொடுத்தவள் வீட்டையும் பறிகொடுத்துவிடுவாள். டார்பி யோசிப்பதற்குள் அது வாயிலிருந்து வந்துவிட்டது.

"அந்த ரெமிக்குக் கை கொஞ்சம் நீளம்."

ஹோலிஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"பார்த்தியா?" என்றாள் ஹோலிஸ்.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அவ்வளவுதான். எதை எடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதிரி விஷயங்களைக் கேட்பது மரியாதையில்லை. ரெமியின் பெயர் கீழே இறங்கியது. போஸியின் பெயர் மேலே ஏறியது. டார்பி தன் அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நியாயம் செய்துவிட்டோம் என்று அவள் சொல்லச் சொல்ல, தலையணை சூடாகிக்கொண்டே போனது.

அழைப்பு நாளன்று இரண்டாயிரம் பெண்கள், எந்த வீடு தங்களை அழைத்தது என்று சொல்லும் உறையோடு ஒரே தெருவில் ஓடினார்கள். எருமைக் கூட்டம் மிரண்டு ஓடினாலும் அதில் ஓர் ஒழுங்கிருக்கும். போஸி கைகளை விரித்துக்கொண்டு வந்து டார்பியின் மேல் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் ரெமி ஓடி வந்தாள். கூழைக்கடா வீட்டு வாசலில் அவள் ஓட்டம் தயங்கியது. தூணின் மேலிருந்த பித்தளைப் பறவையை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் வேறொரு சங்கத்தின் நத்தை வீட்டைப் பார்த்து நடந்தாள். தக்கைச் செருப்பு டக் டக்கென்று தேய்ந்து மறைந்தது.

டார்பிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தேர்வு முடிந்தது, பேசத் தடையில்லை. போஸியின் அம்மா குடை அளவு தொப்பியோடு, மகளைப் படம் பிடித்துக்கொண்டு நின்றார். போஸியை வேறு சகோதரிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டதால், டார்பி அந்த அம்மாவையே தூண் மறைவுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"ஆன்ட்டி, நான் உங்க பொண்ணோட செருப்பை அவ பையிலேர்ந்து எடுத்துட்டேன். முதல் நாளே. திருப்பி வைக்கப் போய் அது அந்த ரெமி கைக்குப் போயிடுச்சு. அவ அதை எடுத்துக்கிட்டா. அதனாலதான் அவளை இந்த வீட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு நானே சொன்னேன். போஸி எல்லாம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்கலை. நீங்களாவது என்னை நாலு திட்டு திட்டுங்க."

அந்த அம்மா கேமராவை இறக்கினார். டார்பியின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"யாரு செருப்பை எடுத்தியோ, கண்ணு, போஸிகிட்ட அந்த மாதிரி ஒண்ணு இருந்ததே இல்லை, எதிர்ல இருக்கறவ எதைக் காட்டினாலும் 'என்கிட்டயும் இருக்கு'ன்னு சொல்லணும்னு அட்லாண்டாவுல ஆறு மாசம் ஆள் வச்சுப் பழக்கினோம்."