டாக்டர் தலையாட்டிவிட்டார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டர் தன் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்.

"ஆல்பம்னா முதல் பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரே மூச்சில கேக்கணும். நடுவுல கேஸ் தீந்துபோச்சு, குழாய் சொட்டுதுன்னு யாரும் வரக் கூடாது. நான் ஹெட்போன் மாட்டிட்டா இந்த வீட்ல நான் இல்லன்னு வெச்சுக்க."

"சரிங்க. இல்லன்னே வெச்சுக்கறேன்," என்றாள் மனைவி.

அவ்வளவு சுலபத்தில் அவள் சரி சொன்னபோதே டாக்டர் சுதாரித்திருக்க வேண்டும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எதிரே வரும் லாரியையும், பின்னால் முட்ட வரும் ஸ்கூட்டரையும், பக்கத்து சீட்டில் நடுங்கும் ஆளையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவாள். டாக்டரோ ஊரார் வாயையெல்லாம் திறக்கவைப்பார். வீட்டில் தன் வாயைத் திறக்க மட்டும் தெரியாது. அவர் ஒரு சட்டம் போட்டதே பெரிய விஷயம்.

இசைத்தட்டு என்றால் அவருக்குப் பைத்தியம். பெரிய கம்பெனி எதன் தயவும் இல்லாமல் நாலு பேர் கார் ஷெட்டில் உட்கார்ந்து போடுகிற இண்டி ராக் ஆல்பம் என்றால் உயிர். எலக்ட்ரானிக் என்றால் உயிருக்கும் மேல். இரண்டையும் கலந்து 'ஈரக் குடை' என்று ஒரு குழு புது ஆல்பம் போட்டிருந்தது. அதில் கிடார் அழும். கம்ப்யூட்டர் ஆறுதல் சொல்லும். சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்ததும் அதைச் சுழலவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பகலெல்லாம் குடைந்த பற்கள் அப்போதுதான் அவர் மண்டையை விட்டு இறங்கிப் போகும்.

அந்தச் சாயங்காலத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. கிளினிக்கின் சொந்தக்காரரான பெரிய டாக்டர், "இனிமே கதவ சாத்தற வரைக்கும் தினமும் நீங்களே இருந்து பாத்துக்குங்க. உங்கள விட்டா எனக்கு யார் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். முடியாது என்று சொல்ல நம்மவருக்கு நாக்கு எழவில்லை. "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்," என்று நழுவி வந்தார். வீட்டிலும் கேட்கவில்லை. கேட்டு, அவள் 'போங்களேன்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சட்டம் கொஞ்ச நாள் ஜாம்ஜாமென்று நடந்தது. அப்புறம் ஒரு நாள் வந்து பார்த்தால், அவர் பாட்டுக் கேட்கும் அறையில் இசைத்தட்டு அலமாரி இருந்த இடத்தில் ஒரு கட்டில் கிடக்கிறது.

"என் அலமாரி எங்க?"

"ஹால்ல. அம்மா திங்கக்கிழமை வர்றாங்க, மூணு மாசம் இருப்பாங்க. உங்களக் கேட்டுத்தானே செஞ்சேன்."

"எப்பக் கேட்ட?"

"நேத்து. பாட்டுக் கேட்டுட்டிருந்தீங்க. நல்லாத் தலையாட்டினீங்களே."

"அது தாளத்துக்கு ஆட்டினது."

"தாளத்துக்கு ஆட்டினீங்களா தாரத்துக்கு ஆட்டினீங்களான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "இன்னும் எதுக்கெல்லாம் ஆட்டியிருக்கேன்?"

"சோபாவுக்கு மஞ்சள் உறை. அப்புறம், ஞாயித்துக்கிழமை என் தம்பி வீட்டு பீரோவ மாடிக்கு ஏத்தறது."

இதற்கு ஒரு முடிவு கட்டியே ஆக வேண்டும் என்று மறுநாள் ஒரு திட்டம் போட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார், பாட்டைப் போடவில்லை. அவள் எது கேட்டாலும் இடவலமாக ஆட்டிவிடுவது. கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் வந்தாள். இசைத்தட்டு சுற்றாமல் கிடந்ததை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, ஈரக் குடை அடுத்த மாசம் நம்ம ஊருக்கு வராங்களாம். ரெண்டு டிக்கெட் வாங்கிட்டேன். போறீங்களா?"

இடவலமாக ஆட்டத்தான் டாக்டர் நினைத்தார். தலை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கழுத்து சுளுக்கும் அளவுக்கு மேலும் கீழும் ஆடியது.

"பாட்டே போடாம இந்த ஆட்டமா?"

டாக்டர் திருதிருவென்று விழித்தபடி ஹெட்போனைக் கழற்றினார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"போன வாரம் உங்க பெரிய டாக்டர் போன் பண்ணினார். வீட்ல கேட்டுச் சொல்றேன்னீங்களாமே. வீடுங்கறது நான்தானே? என்கிட்ட யாரும் கேக்கலயே."

டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்தார். "நீ என்ன சொன்ன?"

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

"கேட்டியா?"

"கேட்டேன். தலையாட்டினீங்க."

போச்சு. இனி சாயங்காலம் என்று ஒன்று தனக்கு இல்லை என்று டாக்டர் முடிவு செய்துகொண்டார். இருந்தாலும் கேட்டார். "எப்படி ஆட்டினேன்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சொக்கிப்போய் ஆட்டிக் காட்டினாள்.

"மூணாவது பாட்டுக்கு மேலயும் கீழயும் ஆட்டுவீங்க. ஆறாவதுக்குத்தான் இப்படி. உங்க ஹெட்போன்ல பாதிப் பாட்டு வெளியதானே கேக்குது. அம்மா விஷயத்த மூணாவதுல கேட்டேன். இத ஆறாவது வர்ற வரைக்கும் காத்திருந்து கேட்டேன். அவர் முடியாதுன்னுட்டார்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் கோச்சுக்கல. வேற ஆள் பாத்துக்கறாராம்."

சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் அடுத்தவர் முகத்தில் பரவும் நிம்மதியை டாக்டர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அது உள்ளே எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய டாக்டர் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அறை போனால் போகட்டும். மஞ்சள் உறையும் வரட்டும். பீரோ என்ன, மாடியையே தூக்கச் சொன்னாலும் தூக்கலாம் போலிருந்தது.

"அப்ப அடுத்த மாசம் நாம ரெண்டு பேரும் ஜாலியாப் போய்..."

"நாமன்னு யார் சொன்னா? ஒரு நாளாவது எனக்கு வீடு அமைதியா இருக்கணும். நீங்களும் அம்மாவும் போய்ட்டு வாங்க."

"அத்தையா? அது நின்னுகிட்டே கேக்கற நிகழ்ச்சிம்மா."

"தெரியும். அம்மாவுக்கு முட்டி வலி. மடக்கு நாற்காலிய நீங்க தூக்கிக்குங்க."