பினாங்குக்கு ஒரு ஜாடி ஊறுகாய்

பாஸ்போர்ட் வந்துவிட்டது, கப்பல் டிக்கெட் வந்துவிட்டது, முதுகில் மாட்டிக்கொள்ளும் பையும் தைத்தாகிவிட்டது. காலரா ஊசி ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுக்காகத்தான் தனக்கோடி ஆரணி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, கொதிக்கிற தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த ஊசியைப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டக் கைய மடிங்கண்ணா" என்றாள் நர்ஸ் ரோசம்மாள். ஒரே தெருக்காரி.

தனக்கோடி மடித்தார். ஊசி கிட்டே வந்தது. மடித்ததை இறக்கிவிட்டார்.

"ரோசம்மா, இத நான் மெட்ராஸ்ல போட்டுக்கறேனே. அங்க ஊசி சின்னதா இருக்குமாம்."

"எல்லா ஊர்லயும் ஒரே ஊசிதாண்ணா. போடாம போனா கப்பல்ல ஏத்தமாட்டாங்க."

"துறைமுகத்துல நமக்கு ஆள் இருக்குது."

துறைமுகத்தில் அவருக்குத் தெரிந்தது கடல் ஒன்றுதான். ரோசம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஏனோ அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எலுமிச்ச ஊறுகாண்ணா. பினாங்குல அவரப் பாத்தா குடுத்துடுங்க."

அவர் என்றால் அவள் கணவன் யோவான். மாலை மரியாதையோடு கப்பலேறி நாலு வருஷம் ஆகிறது. வெளிநாடு போய் வருகிறவர்கள் யாராவது எப்போதாவது வந்து, யோவான் சௌக்கியம் என்று சொல்வார்கள். அவ்வளவுதான்.

அவள் போனதும் தனக்கோடியின் மனைவி தேவகி முணுமுணுத்தாள். "போன வருசம் முருகேசன் நேரா பினாங்குக்குத்தான் போனாரு. அவருகிட்ட ஒரு துண்டு ஊறுகா குடுத்தனுப்பல. அதுக்கு முன்னாடி எங்கண்ணன் போனப்ப ஒரு ஜாடி. இப்ப உங்களுக்கு ஒரு ஜாடி."

"ஆளப் பாத்துதான குடுப்பாங்க" என்று தனக்கோடி மீசையைத் தடவிக்கொண்டார்.

பட்டுப்புடவைக் கமிஷன் வியாபாரம் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருந்த மனிதர் அவர். பக்கத்து முள்ளிப்பட்டுக்குத் தறி பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன்தான் கெடுத்தது. முதுகில் ஒரே ஒரு பை. அதை மாட்டிக்கொண்டு தேசம் தேசமாகப் போகிறானாம். போகிற இடத்தில் சிநேகிதம் பிடிக்கிறானாம், வழியில் சொந்தக்காரர்கள் இருந்தால் எட்டிப் பார்க்கிறானாம். சொந்தக்காரர்கள் தனக்கோடிக்கும் இருந்தார்கள். பினாங்கில் ஒரு சித்தப்பா மகன், சிங்கப்பூரில் ஒரு தூரத்து மாமா.

ஆனால் உண்மையான காரணம் வேறு. தேவகியின் அண்ணன் சக்கரவர்த்தி இரண்டு வருஷத்துக்கு முன் சிங்கப்பூர் போய் வந்தவர். அன்றிலிருந்து பந்தியில்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. சாம்பார் எது, ரசம் எது என்று பக்கத்து இலைக்காரர் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் எப்படி என்று கேட்டால், "எங்க பாத்தாலும் சைக்கிளுதான் மாப்ள" என்பார். இந்த வீட்டில் தேவகி எதை ஆரம்பித்தாலும் "கடல் தாண்டின எங்கண்ணனே" என்றுதான் ஆரம்பிப்பாள். தனக்கோடி என்ற மனிதனுக்கு அந்த வீட்டில் வாய் திறக்க வேண்டுமானால், கடலைத் தாண்டியே ஆக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டினார்கள். மேளம் வைத்தார்கள். கழுத்து தாங்காமல் மாலை விழுந்தது. சக்கரவர்த்தி அவரைக் கட்டிப்பிடித்து, "தைரியமா போ மாப்ள. எது நடந்தாலும் நல்லதுக்குத்தான்" என்றார். ஊசி விஷயம் ரோசம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மெட்ராஸ் துறைமுகத்தில் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது.

"ஊசி கார்டு இல்லியா? பரவால்ல, இங்கயே போட்டுடலாம். உக்காருங்க."

நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கையில் இருந்தது ஆரணி ஊசியைவிட நீளம் என்று தனக்கோடி பிற்பாடு சத்தியம் செய்தார். பை முதுகில் குதிக்கக் குதிக்க ஓடியவர் பஸ் நிலையத்தில்தான் நின்றார். கப்பல் ஊதிய சத்தம் அங்கே கேட்டது.

ஆரணிக்குத் திரும்ப முடியாது. போஸ்டரில் பசை காய்ந்திருக்காது. ஆரணி பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவாசி பஸ்ஸில் ஏறினார். வந்தவாசிக் கடைத்தெருவில் ஆரணிப் பட்டுக்கடைக்காரர் ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டு நின்றார். தனக்கோடி பையால் முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி தேசூரில் இறங்கினார். அங்கே பெரியப்பா மகள் ரேணுகாம்பாள் இருந்தாள். பசித்தது.

"இன்னாடா தம்பி, மூட்டையும் முடிச்சுமா?"

"வெளிநாடு போறேங்கா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ரேணுகாம்பாள் தெருவையே கூட்டிவிட்டாள். கோழி அடித்தார்கள். அவள் புருஷன் தருமன் உள்ளே போய், இரண்டு கையாலும் எதையோ மூச்சுப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான், எங்க தங்கச்சி கோலாலம்பூர்ல கீறா. அங்க நல்ல குழவி கெடைக்கலயாம். இத மட்டும் அவ கையில குடுத்துடு."

"மாமா, இது ஆட்டுக்கல் குழவி."

"ஆமா. கல்லு அங்க கீதாம்."

தனக்கோடி வாயைத் திறந்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். குழவி பைக்குள் போனது. மறுபடியும் மாலை போட்டு, மறுபடியும் பஸ் ஏற்றிவிட்டார்கள். ஊரின் எல்லையிலேயே இறங்கிக்கொண்டார். எங்கே போவது என்று யோசித்து நடந்துகொண்டிருந்தபோது பைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. குழவி ஜாடிமேல் உட்கார்ந்துவிட்டது.

முதலில் முதுகு ஈரமானது. அப்புறம் எரிந்தது. வேர்க்குரு வெடித்திருந்த முதுகில் எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் ஒன்றாக இறங்கினால் மனிதன் என்ன செய்வான்? எதிரே தெரிந்த ஒரு தகரக்கூரை சைக்கிள் கடைக்குள் ஓடி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் அப்படியே மல்லாந்து விழுந்தார்.

கடைக்காரர் பதறிப்போய் அவரைத் தூக்கி, பையைக் கழற்றினார். கையில் ஒட்டியதை முகர்ந்தார். நாக்கில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெந்தயம் ஒரு சிட்டிக தூக்கல். இது எங்க ரோசம்மா கை ஆச்சே!"

தனக்கோடி தொட்டியிலிருந்தபடியே அவரை உற்றுப் பார்த்தார். தாடியை எடுத்துவிட்டுப் பார்த்தால், சாட்சாத் யோவான்.

"யோவான்! நீ பினாங்குல இல்ல?"

"நீங்க கப்பல்ல இல்ல?"

தனக்கோடி தொட்டியிலிருந்து எழுந்து விளிம்பில் உட்கார்ந்தார். அப்புறம் யோவான்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஊசின்னா எனக்கு உசுரே போயிடும்ணா. கட்டிகினவ நர்ஸு. ஜொரம் வந்தாகூட அவளுக்குத் தெரியாம போத்திகினு படுத்துப்பேன். துறைமுகத்துல அந்த டாக்டரு உக்காருன்னு சொன்னாரு பாருங்க..."

"நீளமா இருந்துச்சா?"

"மொழ நீளம்."

தனக்கோடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பொருத்தமான சிநேகிதன் அவருக்கு ஆரணியில்கூட அமைந்ததில்லை.

"அப்பவே ஊருக்குப் போயிருக்கலாமேப்பா?"

"அவ்ளோ மாலையப் போட்டுட்டாங்களே. எந்த மூஞ்ச வெச்சிகினு போறது?"

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஏனோ இரண்டு கயிற்றுக் கட்டில்கள் தயாராக இருந்தன. அந்த அறைதான் தனக்கோடியின் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம். யோவான் ஒரு வாத்தியாரைப்போலச் சொல்லிக்கொடுத்தார். "பினாங்குல மல மேல ரயிலு. சிங்கப்பூர்ல தெருவுல எச்சி துப்பக் கூடாது. யாராச்சும் தோண்டிக் கேட்டா, கப்பல்ல வாந்தின்னு சொல்லி பேச்ச மாத்திடுங்க." தனக்கோடி மனப்பாடம் செய்தார். பொழுது போகாதபோது பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார்.

தினமும் காலையில் தருமன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வருவார். உடனே தனக்கோடி தன் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்துவிடுவார்.

"எங்க மச்சான் இந்நேரம் தங்கச்சி வூட்டுல மாவாட்டிகினு இருப்பான் யோவான்" என்பார் தருமன். ஒருநாள் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த குழவியைக் குனிந்து பார்த்தார். "இன்னாய்யா, இத எங்கியோ பாத்தா மாதிரி கீதே?"

"எல்லாக் குழவிக்கும் ஒரே மூஞ்சிதாங்க."

ஊர் திரும்பும் நாள் வந்தபோது, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தனக்கோடி தவித்தார். யோவான் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். தைலம், சோப்பு, சென்ட்டு, மடக்குக் குடை. எல்லாம் மெட்ராஸில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. பஞ்சர் கடையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க தனக்கோடிக்குத் தோன்றவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பூப்போட்ட குடய ரோசம்மாகிட்ட குடுத்துடுங்கண்ணா" என்றார் யோவான். அவர் குரலும் சரியாக இல்லை.

ஆரணியில் மறுபடியும் மேளம், மறுபடியும் மாலை. வீடு நிறைய ஜனம். தேவகி வாழ்க்கையில் முதல் தடவையாக, "கடல் தாண்டின எங்க வூட்டுக்காரரே" என்று ஒரு பேச்சை ஆரம்பித்தாள். தனக்கோடிக்கு முதுகு எரிச்சல்கூட மறந்துபோனது.

"பினாங்கு எப்பிடி மாப்ள?" என்றார் சக்கரவர்த்தி.

மனப்பாடம் செய்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார். "எங்க பாத்தாலும் சைக்கிளுதான் மச்சான்."

சக்கரவர்த்திக்குப் புரையேறியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், அவசர வேலை இருப்பதாக எழுந்து போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு ரோசம்மாள் வந்தாள். தனக்கோடி குடையை நீட்டினார்.

"யோவான் குடுத்தாரும்மா. பினாங்குல நல்லா கீறாரு."

குடையை விரித்துப் பார்த்துவிட்டு, அவள் அதை மெதுவாக மடித்தாள். "ஊறுகா இன்னா சொன்னாரு?"

"வெந்தயம் ஒரு சிட்டிக தூக்கல்னாரு."

அவள் சிரித்தாள். கண்ணோரத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் தனக்கோடிக்கு மனசாட்சி குத்தியது. இவ்வளவு வெள்ளந்தியான பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று கையைப் பிசைந்தார்.

"முருகேசன நம்பாம என்ன நம்பி குடுத்தியேம்மா. அந்த நம்பிக்கைக்கு நான் லாயக்குதானான்னு..."

"முருகேசண்ணன் பயப்படாம ஊசி போட்டுகினாருண்ணா" என்றாள் ரோசம்மாள். "அவருகிட்ட குடுத்தா அவரு நேரா பினாங்குக்குப் போயிடுவாரு. அப்பறம் தேசூர்ல இருக்கற மனுசனுக்கு ஊறுகா எப்பிடிப் போய்ச் சேரும்?"