வடகத்துக்குக் காவல் நின்ற டிவிடி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்களிடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் ‘மாவு ஒரு கிலோ, அப்பளம் இரண்டு கட்டு’ என்ற அளவுதான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதில் எனக்கும் அந்த எழுத்துகளுக்கும் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. அச்சில் போடுகிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம். அது முடியுமென்றால் நானே செய்திருப்பேன்.

வங்காளிகள் ஊரில், டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. இட்லி மாவு, அப்பளம், வடகம், காப்பித்தூள். எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வதைவிடத் தலையாட்டுவது சுலபம் என்று ஆட்டிவிடுவேன். (அப்படி ஆட்டித்தான் ஒரு வருஷம் துர்கா பூஜையில் கொட்டு அடிக்கச் சம்மதித்தேன். பத்துக் கையில் இரண்டால் அம்மன் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.)

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எனக்கு முப்பத்துநான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. என் கடையில் மாவு வாங்குகிறவர்களில் ஒருவர் சிவசுப்பிரமணியம் சார். மத்திய சர்க்கார் ஆபீஸில் தணிக்கைப் பிரிவு, குவார்ட்டர்ஸில் வீடு, திருநெல்வேலிக்காரர். அவர் மகள் கமலா குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு வருஷமாக அவள் மாவு வாங்க வந்தபோதெல்லாம் நான் அவளிடம் பேசிய மொத்தப் பேச்சு, “புளிச்சதா, புளிக்காததா?” என்பதுதான். அதை எவ்வளவு காதலோடு கேட்டேன் என்பது மாவுக்குத்தான் தெரியும்.

என் சித்தப்பா ஊரிலிருந்து வந்து சாரிடம் பெண் கேட்டுவிட்டுப் போனார். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாராம். ஒரு வாரம் கழித்து சார் கடைக்கு வந்தார். கையில் ஒரு டிவிடி. மேலே கறுப்பு மையில் அவர் பெயர் முழுசாக எழுதியிருந்தது.

“ஏம்வே சண்முகம், உமக்குக் கம்ப்யூட்டர் தெரியும்லா?”

தலையாட்டினேன்.

“இது பழைய படம்வே. இங்க எங்கயும் கெடைக்காது. கீறல் விழுந்துட்டே வருது. ஒரு காப்பி எடுத்துக் கொண்டாரும். சித்திரை ஒண்ணாந்தேதி குவார்ட்டர்ஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டணும். ஆனா ஒண்ணு, ஓசி சாஃப்ட்வேர்ல பண்ணப்படாது. காசு கட்டி வாங்குததுலதான் பண்ணணும். ஓசியில வாரது ஒண்ணும் உருப்படாது.”

“சரி சார்.”

“நல்லபடியா முடிச்சுக் குடும். அன்னைக்கே மத்ததையும் பேசிக்கிடலாம்.”

மத்தது! அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நாதஸ்வரமே கேட்டுவிட்டது.

பக்கத்துக் கடை பாப்லு தாவுடையது. (‘தா’, ‘தாதா’ என்றால் இங்கே அண்ணன்.) நாலு கம்ப்யூட்டர் வைத்து வாடகைக்கு விடுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

“சாஃப்ட்வேருக்குக் காசா? பாகோல் நாகி, பைத்தியமா உனக்கு?” என்று என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். “காற்றுக்குக் காசு கொடுக்கிறாயா? கங்கைக்குக் கொடுக்கிறாயா? இதுவும் அப்படித்தான். எல்லாம் ஃப்ரீ!”

எனக்கு சாரையும் மீற முடியாது, பாப்லு தாவையும் மறுக்க முடியாது. (இரண்டு பேரும் தினசரி வாடிக்கை.) கடைசியில் பாப்லு தாவே வழி கண்டுபிடித்தார். காசு கட்டி வாங்கும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கொஞ்ச நாள் சும்மா உபயோகித்துப் பார்க்கக் கொடுக்கிறார்களாம். எனக்கு ஆனந்தம். சார் சொன்னபடி காசு கட்டுகிற சாஃப்ட்வேர், பாப்லு தா சொன்னபடி காசு கட்டவில்லை. இரண்டு பெரிய மனுஷர்களையும் ஒரே கல்லில் திருப்திப்படுத்திய என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

டிவிடியை உள்ளே தள்ளினார். திரையில் இடது பக்கம் ஒரு தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு. இடது தட்டிலிருந்து காகிதம் காகிதமாகப் பறந்து வலது தட்டுக்குள் போய் விழுந்துகொண்டே இருந்தது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். கீழே பச்சைக் கோடு நிறைந்தது. பானையில் கீறல் விழுந்தால் மாவை வேறு பானைக்கு மாற்றுவோமே, அதேதான். புதுப் பானை நிறைந்தால் பழைய பானை காலி. இதில் சந்தேகம் என்ன?

காப்பியைப் போட்டுப் பார்த்தோம். முதல் பாட்டு வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “போதும் தாதா” என்றேன். பாப்லு தா மீன் வாங்கப் போய்விட்டார்.

இப்போது என் கையில் காலி டிவிடி. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். கிண்ணமாக இருந்தால் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுக்கலாம். டிவிடியில் சர்க்கரை எப்படி நிற்கும்? அதுவும் பெண் கேட்டிருக்கிற வீட்டுக்குக் காலியாகக் கொடுப்பதா? சரி, நம்மிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். நல்ல பளபளப்பாக இருந்தது. மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கைத் தொல்லை. நைலான் கயிற்றில் கோத்துக் கொடியில் கட்டிவிட்டேன். அன்றைக்கு ஒரு காக்கைகூட வரவில்லை.

சித்திரை ஒன்று. குவார்ட்டர்ஸில் சார் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். முன் வரிசையில் சாருடைய மேலதிகாரி. நான் போண்டா கொண்டுபோயிருந்தேன். அதைச் சாப்பிட பாப்லு தாவும் வந்திருந்தார்.

“எல்லாம் பத்திரமா இருக்கா?” என்றார் சார். தலையாட்டினேன்.

படம் அருமையாக ஓடியது. பிரிந்துபோன அண்ணனும் தம்பியும் ஒரே ரயிலில் அடுத்தடுத்த பெட்டியில் ஏறினார்கள். ரயில் கூவியது. திரை நீலமானது. நடுவில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து. இடைவேளை என்று நினைத்து நான் போண்டாத் தட்டோடு எழுந்தேன்.

கமலா சத்தமாகப் படித்தாள். “இலவசமாகப் பாதிதான் காப்பி எடுக்க முடியும், முழுசா வேணும்னா காசு கட்டி வாங்குங்கன்னு போட்டிருக்குப்பா.”

பாப்லு தா போண்டாவோடு எழுந்து வெளியே போனவர்தான்.

சார் என்னைப் பார்த்தார். “ஒரிஜினல் எங்கவே?”

“அது காலி சார்.”

“காலின்னா?”

“உள்ள இருந்ததெல்லாம் இதுக்கு வந்துட்டு சார்.”

“சரி, அது இப்போ எங்க இருக்கு?”

“மாடில… காக்கா வெரட்டுது சார்.”

சார் செருப்பை மாட்டினார். அண்ணன் தம்பி சேர்ந்தார்களா என்று தெரிந்தே ஆகவேண்டிய பதினைந்து பேர் பின்னால் கிளம்பினார்கள், மேலதிகாரி உட்பட. தெருவே திரும்பிப் பார்க்க, ஊர்வலமாக என் மாடிக்கு ஏறினோம்.

கொடியில் சாருடைய முழுப்பெயரும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் காக்கைகளுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து அதில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று சாருடைய பெயரின் மேலேயே தன் காரியத்தை முடித்திருந்தது.

சார் அதை அவிழ்த்து, வேட்டி நுனியால் துடைத்தார். திரும்பி வந்து போட்டோம். திக்கித் திக்கி ஓடியது. கடைசிக் காட்சியில் அண்ணனும் தம்பியும் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு முழம் இடைவெளி இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டார்கள். நாற்பது பேரும் “கட்டிப் பிடி, கட்டிப் பிடி” என்று கத்தியும் அவர்கள் நகரவில்லை.

“எத்தனை வருசமா கட்டிப் பிடிச்சவங்க வே இவங்க!” என்றார் சார். “எதுக்கு அதைக் கொண்டுபோய்க் கட்டினீரு? எங்கிட்டயே குடுத்திருக்கலாம்லா?”

கல்யாணம் போயிற்று என்று தெரிந்தது. போன பிறகு என்ன கூச்சம்? வாழ்நாளில் முதல்முறையாக நீளமாகப் பேசினேன். “காலியாத் திருப்பிக் குடுத்தா மரியாதை இல்லேன்னு நெனச்சேன் சார். சர்க்கரை போட்டுக் குடுக்கலாம்னா அதுல நிக்காது.”

கமலா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “உஃப் பாபா! அப்பா, என்னைப் பொண்ணு பாக்க வந்த மூணு ஆபீசர் வீட்டுக்கும் அம்மா பலகாரம் கட்டிக் குடுத்தாளே, ஒரு டப்பாவாவது திரும்பி வந்ததா?”

“எவர்சில்வர் டப்பா! மூணும் மூடி போட்டது!” என்று அவள் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். மூன்று வருஷத்து ஆத்திரம் அந்தக் குரலில் இருந்தது.

சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆவணியில வச்சுக்கிடலாம்வே” என்றார். “கல்யாண வீடியோவ மட்டும் நீரு தொடப்படாது.”

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டி, “ஏக்தோம் பாபார் மோதோ!” என்றாள். அச்சு அசல் அப்பாவாம். மாமனார் குழந்தையைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்போ எல்லாம் இதுக்கு வந்துட்டு. மாப்ளையக் கொண்டுபோய் மாடில கட்டிருங்க” என்றார்.

இன்றைக்கும் யாராவது என் மகளைப் பார்த்து அப்பா ஜாடை என்று சொல்லிவிட்டால், எங்கள் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் மொட்டை மாடியைப் பார்க்கிறார்கள்.

டாக்குரியா
2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை