எங்கள் மலையில் கிடையாது

மனிதர்களில் 'எங்கள் மலையில் கிடையாது' என்றொரு வகை உண்டு. வட அல்பேனியாவில், எங்கள் பக்கத்து மலைகளில், இந்த வகை நன்றாகச் செழிக்கிறது. மற்ற இடங்களிலும் விளைச்சல் மோசமில்லை என்று கேள்வி. ஆணை ஆண் விரும்புகிறான் என்று தொலைக்காட்சியில் ஒரு பேச்சு வந்தால் போதும், இவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். "அதெல்லாம் இத்தாலியில. நம்ம மலையில கிடையாது." தீர்ந்தது விஷயம்.

என் பக்கத்து வீட்டு ப்ரெங்க் இந்த வகையில் முதல் தரம். அவரிடம் இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, ஆண்மை ரத்தத்தில் வருவது, இடி விழுந்தாலும் மாறாது. இரண்டு, ஒரு பொம்மை போதும், பையன் கெட்டுப்போவான். ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலை எட்டிப் பார்த்து, போர்வை என்ன நிறம் என்று விசாரித்து, தாய்க்காரி பாடுவது தாலாட்டா வீரப்பாட்டா என்று காது கொடுத்துக் கேட்டு, பெற்றவனைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு, பாத்துக்க" என்று சொன்ன பிறகுதான் காப்பியில் வாய் வைப்பார். கேட்டவன் என்ன செய்வான்? தலையாட்டுவான்.

ப்ரெங்கின் சாப்பாட்டு மேசையில் முதல் இடம் லூல் பெரியப்பாவுக்கு. எண்பத்தாறு வயது, தொப்பி, சுருட்டு, கரகரத்த குரல். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் லூலே; பிறப்பால் ப்ரெங்குக்கு அத்தை. பத்தொன்பது வயதில், அப்பாவும் அண்ணனும் பனிச்சரிவில் போய்விட, மிஞ்சிய தம்பிக்கு, அதாவது ப்ரெங்கின் அப்பாவுக்கு, எட்டே வயது என்பதால், ஊர்ப் பெரியவர் பன்னிரண்டு பேர் முன்னால் கல்யாணமே வேண்டாமென்று சத்தியம் செய்து, முடியை வெட்டி, கால்சட்டை மாட்டி, வீட்டுக்கு ஆண் ஆனவர். மலை வழக்கம். அன்று முதல் அவர் பெரியப்பா. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த மேசையில் ராக்கிச் சாராயம் ஊற்றுவது ஆண்களில் இளையவன் வேலை. ப்ரெங்கின் ஒரே மகன் கோல் பதினைந்து வயதிலிருந்து ஊற்றினான். பிறகு மிலானில் சுவர்ப் பூச்சு வேலைக்குப் போனான். விடுமுறைக்கு வந்தாலும் ஊற்றினான்.

போன குளிர்காலத்தில், நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கோல் போன் செய்தான். எல்லாருக்கும் கேட்கட்டுமென்று ப்ரெங்க் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, புனித நிக்கோலாஸ் பண்டிகைக்கு வர்றேன். ரெனாத்தோவும் வர்றான்."

"கூட்டாளியா? வரட்டும்."

"கூட்டாளி இல்லப்பா. நாலு வருஷமா ஒண்ணா வாழுறோம். ரெண்டு பேருக்கும் இடம் இருந்தா வர்றோம். இல்லன்னா நான் இனிமே வரல."

வைத்துவிட்டான். ப்ரெங்க் மனைவியைப் பார்த்தார். "மரே, நீதான் கெடுத்த. அவனைப் பாத்திரம் கழுவ விட்ட."

"ரத்தத்துல வர்றதுன்னு நேத்துதான சொன்னீங்க? ரத்தம் உங்களுது." மரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு என் பிள்ளை வேணும்."

"நம்ம மலையில கிடையாது" என்றார் ப்ரெங்க், பழக்க தோஷத்தில்.

லூல் பெரியப்பா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "இதை எத்தனை வருஷமாடா சொல்ற?"

"சின்னதுலேர்ந்து."

"நீ சொல்றப்பல்லாம் ஊத்தினவன் அவன். குடிச்சவன் நான். என்னைப் பத்தொன்பது வருஷம் பாவாடை கட்டித்தான் வளர்த்தாங்க. வீட்டுக்கு ஆம்பள வேணும்னதும் பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரத்துல ஒத்துக்கிட்டாங்க. நீ ஒத்த ஆளு. உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

ப்ரெங்க் தன் காலிக் கோப்பையைப் பார்த்தார். நிரப்ப ஆளில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"அந்த ஆளு ராக்கி குடிப்பானா?"

"குடிப்பான்ப்பா."

"உங்க ரெண்டு பேர்ல யாரு சின்னவன்?"

"அவன்தான்."

"அப்ப அவன் ஊத்தட்டும்."

ப்ரெங்க் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். காப்பிக் கடையில் இன்றும் "நம்ம மலையில கிடையாது" என்கிறார்; சொல்லுமுன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நீங்கள் மலைக்காரர் இல்லை, தெரியும். 'எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது' என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? அப்போது உங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தது யார்?