சாதாவா, டீலக்ஸா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீ அங்கே திடமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதத் துணிகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அத்தான் காலமான பிறகு அவருடைய பழைய காரை நீ லாரியில் ஏற்றி எனக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. அது சாதாவா டீலக்ஸா என்ற சண்டையில்தான் அவரும் நானும் பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தோம் என்பது உனக்குத் தெரியும்; அவர் டீலக்ஸ் என்பார், நான் சாதா என்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. டீலக்ஸில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கடிகாரம் இருக்கும், வெயில் மறைப்பு இரண்டு இருக்கும், கதவோரம் பளபளவென்று ஒரு வெள்ளிக்கோடு ஓடும். சாதாவில் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு தகர மூடி, மறைப்பு ஓட்டுகிறவருக்கு மட்டும், கோடு கிடையாது. நீ அனுப்பிய காரில் மூடிதான் இருந்தது. முப்பது வருஷம் வாகனப் பதிவு அலுவலகத்தில் தேய்ந்த கண் என்னுடையது, தப்பாது. பழைய கார் சங்கத்தின் படிவத்தில் "சாதா" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்றுகூடப் பார்க்காமல் கொஞ்சம் சிரித்தும்விட்டேன். மறுநாள் காலை துடைக்கப் போனால் மூடியைக் காணோம், அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரியை நான் கழற்றி வைத்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீங்களே வாங்கி மாட்டிட்டு என்னை மிரட்டுறீங்களா?" என்றாள். அடுத்த நாள் இரண்டாவது வெயில் மறைப்பு வந்தது. அவளே கையைக் கட்டிக்கொண்டு காரிடம், "அண்ணா, அவர் தெரியாம எழுதிட்டாரு, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் கதவில் கோடு. மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் கோட்டின் ஒரு முனையை நெம்பிப் பார்த்துவிட்டு, "சார், இது புதுசா ஒட்டினது இல்ல. அடியில இருக்கிற பெயின்ட் வெயிலே பார்க்கல. பொறந்ததுலேர்ந்தே டீலக்ஸ்தான்" என்றார்.

"நேத்து வரைக்கும் கோடே இல்லப்பா" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காரை ஒரு பார்வை பார்த்தார். ஸ்பேனரைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

படிவத்தை அடித்து "டீலக்ஸ்" என்று திருத்தி, காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கைக்கு வாசித்தும் காட்டினேன். அதோடு அத்தான் அடங்குவார் என்று நினைத்தேன். இன்று பகல் பின் இருக்கைக்கு மேலே சின்னதாக ஒரு விளக்கு எரிகிறது. அது சூப்பர் டீலக்ஸில் மட்டும்தான் உண்டு. உயிரோடு இருந்தபோதுகூட அவர் இவ்வளவு கேட்டதில்லை அக்கா. என்னால் முடியவில்லை. கடிதம் கண்டதும் லாரி அனுப்பி எடுத்துக்கொண்டு போய்விடு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உப்பைக் குறைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: லாரி வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது கார் தானாக வாசலில் வந்து நின்று, கதவைத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் அத்தான் குரல்தான்: "மாடலை அப்புறம் பேசிக்கலாம், ஏறுடா." அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம். ஏறிவிட்டேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். தெருமுனை தாண்டுவதற்குள் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டோம். தபால் பெட்டி வந்தால் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பெட்டி தாண்டியாயிற்று.