ஒரே நாளில் தேய்ந்த சப்பாத்து

ரூஜ் பள்ளத்தாக்கின் முதல் ஏற்றத்திலேயே ஜூலியஸ் வழுக்கி விழுந்தார். எழும்பிச் சேற்றைத் தட்டிக்கொண்டு தன் கால்களைப் பார்த்து முறைத்தார். கல்லிலும் சேற்றிலும் மர வேரிலும் ஓடினாலும் பிடி விடாது என்று பெட்டியிலேயே எழுதி விற்கிற, காட்டுப் பாதைக்கென்றே செய்த சப்பாத்து அது.

"பிடி விடாதாம்! விழுந்தாப் பிறகு நான்தான் மரத்தைப் பிடிக்கவேண்டிக் கிடக்கு!"

கோபம் அவருக்குப் புதிதல்ல. மில்லிக்கனில் அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே அயலவர்கள் அவர் வேலையால் வந்துவிட்டார் என்று அறிந்துகொள்வார்கள். ஆனால் இன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. விட்டு வந்த ஊர்ப்பக்கம், மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்ப்பதற்காக, கோயில் ஆட்கள் எல்லோரும் நாளை இதே பாதையில் நடக்கப்போகிறார்கள். முன்னால் பதாகை பிடித்துப் போக யார் வருகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது ஜூலியஸ்தான் கையை உயர்த்தினார். பின்வரிசையில் யாரோ, "வயிறு முதல்ல போகும், பதாகை பிறகு வரும்" என்று சொல்ல, கூட்டமே சிரித்தது. நாளைக்கு அவர் விழாமல் நடந்தே ஆகவேண்டும்.

பயிற்சிக்குக் கூட வந்திருந்தவன் மரியோ. மனைவி கிளடிசின் தம்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் காட்டுக்குள் ஓடுகிறவன். "நான் வருசக்கணக்காப் போடுறன், உதையே வாங்குங்கோ அத்தான்" என்று இந்தச் சப்பாத்தைச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். ஜூலியஸ் அதே மொடலை, அதே நீல நிறத்தில் வாங்கினார்.

"அத்தான், ஒருக்கா அந்தச் சப்பாத்தைக் கழட்டுங்கோவன்" என்றான் மரியோ மெதுவாக.

"ஏன்? இனி வெறுங்காலோடை நடக்கச் சொல்லுறியோ?"

"இல்லை அத்தான், அது..."

"ஒண்டும் சொல்லாதை! உன்ரை கதையைக் கேட்டுத்தானே வாங்கினனான்!"

கோபத்தில் நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டினார். ஏற்கெனவே விரல் நுனியில் கொஞ்சம் கடித்துக்கொண்டிருந்த சப்பாத்து, இப்போது நன்றாகவே கடித்தது. நாலு எட்டு நொண்டிப் போய், பாசி பிடித்த கல்லில் கால் வைத்தார். அடுத்த நிமிடம் ஓடைக்குள் இருந்தார்.

தண்ணீருக்குள் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தபோதுதான், கரையில் நின்ற மரியோவின் கால்கள் கண்ணில் பட்டன. ஜிம்முக்குப் போடுகிற பழைய வெள்ளைச் சப்பாத்து.

"எடேய்! நீ ஏன் உந்தச் சாமானைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்? உன்ரை நீலச் சப்பாத்து எங்கை?"

மரியோ தலையைச் சொறிந்தான். அவருடைய கால்களைப் பார்த்தான். பிறகு மரங்களைப் பார்த்தான்.

"அது... இப்ப என்னட்டை இல்லை, அத்தான்."

"பாத்தியா! சரிவராது எண்டு தெரிஞ்சு எறிஞ்சிட்டாய். என்னை மட்டும் வாங்க வைச்சிட்டாய்! இனி என்ரை வீட்டுப் படி மிதியாதை!"

ஈரக் காற்சட்டையோடு வீட்டுக்கு வந்தவரைக் கிளடிஸ் கையில் தொலைபேசியோடு எதிர்கொண்டாள்.

"என்ரை தம்பியை என்ன சொன்னனீங்கள்? அழுவாரைப்போலை கதைக்கிறான். உங்களோடை ஏதோ கதைக்கவேணுமாம்."

"நான் கதைக்க மாட்டன்."

"என்னட்டையும் சொல்லுறானில்லை. உங்களிட்டைத்தான் சொல்லவேணுமாம்."

"மன்னிப்புக் கேக்கப் போறான். நாளைக்கு நடை முடியட்டும், பிறகு யோசிப்பம்."

நாளைய நடைக்கு இந்தச் சப்பாத்தை எப்படியாவது திருத்தவேண்டும். கராஜுக்குள் போய்ச் சேற்றைக் கழுவினார். கழுவி முடித்து அடிப்பக்கத்தைத் திருப்பியவருக்கு இரத்தம் தலைக்கேறியது. பல்லுப்பல்லாக இருக்கவேண்டிய றப்பர், தோசைக்கல்லுப் போல மொழுக்கென்று கிடந்தது.

"கிளடிஸ்! இஞ்சை வந்து பார்! வெள்ளிக்கிழமை வாங்கினது! ஒரே நாளிலை தேஞ்சு போச்சு!"

வெள்ளி மாலை வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிய கையோடு, அதே கோயில் ஆளான அமிர்தநாதர் வீட்டுச் செபமாலைக்குப் போயிருந்தார். செபம் முடிந்து எல்லோரும் இறங்குகிற நெரிசலில், வாசலில் கிடந்த சப்பாத்துக் குவியலுக்குள் தன்னுடைய நீலத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது இருந்த பெருமை என்ன! இப்போது நினைக்கவே எரிந்தது.

கம்பித் தூரிகையால் அடியைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கப் பார்த்தார். மிச்சம் இருந்த நாலு பல்லும் உதிர்ந்தன. ஆத்திரம் இன்னும் கூடியது. வலுவான பசையைப் பூசி, அதன் மேல் மணலைக் கொட்டிக் காயவைத்தார். பசை காய்ந்து கண்ணாடியாக இறுகியது. மணல் பசைக்குள் மூழ்கிப் பத்திரமாக இருந்தது. தட்டிப் பார்த்தால் பீங்கான் கோப்பைச் சத்தம் கேட்டது.

"வேறை சப்பாத்துப் போடுங்கோவன்" என்றாள் கிளடிஸ்.

"மாட்டன்! இதோடைதான் நடப்பன். விழுந்தால் அந்தக் கொம்பனியைச் சும்மா விடமாட்டன்!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் பள்ளத்தாக்கில் கூடினார்கள். பதாகையின் ஒரு தடியை ஜூலியசும் மறு தடியை அமிர்தநாதரும் பிடித்தார்கள். மரியோவும் வந்திருந்தான். அக்காவுக்குப் பக்கத்தில் நின்றவன், ஜூலியஸ் ஒரு காலைத் தூக்கியபோது அடிப்பக்கத்தைக் கண்டுவிட்டான். மணலும் பசையும் மினுங்கின. மரியோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான்.

"ஐயோ அத்தான், என்ன செய்து வைச்சிருக்கிறியள்!"

"உனக்கென்ன நோகுது? என்ரை சப்பாத்து, நான் என்னவும் செய்வன்!"

ஏற்றத்தில் ஒரு மாதிரி ஏறிவிட்டார். இறக்கத்தில் கால்கள் அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. ஜூலியஸ் நடக்கவில்லை, ஓடவுமில்லை, நின்றபடியே போனார். தடியை விட்டிருக்கலாம். ஆனால் விட்டால் தோற்றதாகிவிடும் என்று இறுக்கிப் பிடித்தார். அதனால் பதாகையும் வந்தது, பதாகையோடு எழுபது வயது அமிர்தநாதரும் வந்தார். இருவரும் கீழே சேற்றுக் குழிக்குள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பதாகை இருவரையும் மூடியது. மேலே நின்ற கூட்டம் மரியாதைக்கு வாயைப் பொத்திக்கொண்டது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஜூலியஸ்" என்றார் பதாகைக்குள்ளிருந்து அமிர்தநாதர், "வாற வருசம் நீர் காசு மட்டும் தாரும்."

அன்றைக்கு முழுக்கக் கிளடிஸ் அவரோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னாள். "என்ரை தம்பியிட்டை மன்னிப்புக் கேக்காமல் என்னோடை கதைக்க வரவேண்டாம்."

மன்னிப்பா! அவனுடைய சொல்லைக் கேட்டதால் வந்த வினைக்கு, அவனிடமே மன்னிப்பா! கடைக்காரன் வாயாலேயே சப்பாத்துக் கூடாது என்று சொல்லவைத்து, அதை அவள் காதால் கேட்கவைக்கவேண்டும். திங்கள் மாலை கிளடிசையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். நொண்டி நொண்டி, அதே சப்பாத்தோடு. வெள்ளிக்கிழமையிலிருந்து காரின் டிக்கியில் கிடந்த பெட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்குச் சப்பாத்து விற்ற தமிழ்ப் பிள்ளைதான் நின்றாள். சட்டையில் நிலக்சி என்று பெயர் குத்தியிருந்தது.

"பிள்ளை! இது என்ன சப்பாத்து? ஒரே நாளிலை தேஞ்சு போச்சு! சேத்திலை விழுந்தன், ஓடையிலை விழுந்தன், ஒரு வயசுபோன மனுசனையும் கொண்டுபோய் விழுத்தினன்! குடும்பமே பிரிஞ்சு போச்சு!" ஒரு சப்பாத்தைக் கழற்றி மேசையில் ஓங்கி வைத்தார். அது பீங்கான் போலச் சத்தமிட்டது. "உதை நம்பி வாங்கச் சொன்ன விசரனையும் நான் வீட்டுக்கு எடுக்கிறேல்லை!"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜூலியஸ் கிளடிசைப் பார்த்தார், இப்போது கேள் என்பது போல.

நிலக்சி சப்பாத்தைத் திருப்பிப் பசையைப் பார்த்தாள். பிறகு அவருடைய பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே, கடதாசி சுற்றியபடி, நீல நிறத்தில் ஒரு சோடிப் புதுச் சப்பாத்துக் கிடந்தது. அடியில் ஒவ்வொரு பல்லும் கூராக இருந்தது.

ஜூலியஸ் பெட்டியையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, காலில் பழைய செருப்போடுதான் இந்தக் கடையை விட்டு இறங்கினார் என்பது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது.

நிலக்சி வில்லங்கம் ஒன்றும் அறியாதவளாகச் சிரித்தாள்.

"பிரச்சினை இல்லை அங்கிள், எல்லாருக்கும் நடக்கிறதுதான். நேற்றும் ஒரு அண்ணை வந்து உதையே புதுசா வாங்கிக்கொண்டு போனவர். செபமாலை வீட்டு வாசல்லை விட்ட அவரின்ரை பழசை ஆரோ போட்டுக்கொண்டு போயிட்டினமாம். ஆரெண்டும் தெரியுமாம், ஆனால் அக்காவின்ரை மனுசன் எண்டபடியால் வாய் திறந்து கேக்க ஏலாமல் கிடக்காம்."